குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல்

கல்லூரியில் மூன்றாம் ஆண்டுக்கு வரும்வரை நான் கடலைப் பார்த்ததில்லை. ஆனால் கடலுக்கு அடியில் என்ன இருக்கும் என்று யாராவது கேட்டால் போதும், மூச்சு விடாமல் பேசுவேன். கேட்காவிட்டாலும் பேசுவேன். படித்தது விலங்கியல். ஆய்வகத்தில் ஃபார்மலின் பாட்டிலுக்குள் ஒரு நட்சத்திர மீன் இருந்தது. ஊறி ஊறி வெளுத்து, பழைய சப்பாத்தி மாதிரி ஆகிவிட்டிருந்தது. இதன் உண்மையான நிறம் என்ன என்று எங்கள் மேடத்தை நச்சரித்துக்கொண்டே இருந்தேன்.

"நானும் பாட்டில்லதாம்மா பாத்திருக்கேன்" என்று அவர் ஒருநாள் சொல்லிவிட்டார்.

அதே மேடம்தான் ஒரு மதியம் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். ராமநாதபுரம் கடற்கரையில் ஒரு ஆராய்ச்சி நிலையம். கோடை விடுமுறையில் கல்லூரி மாணவர்கள் சிலருக்கு, முதுகில் காற்று சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கப் பயிற்சி தரப்போகிறார்களாம். போன முதல் நாளே நீச்சல் சோதனை. படகிலிருந்து இறங்கி, தூரத்தில் மிதக்கும் ஒரு பீப்பாயைச் சுற்றிவிட்டு, நீரோட்டத்தை எதிர்த்துப் படகுக்குத் திரும்ப வேண்டும். காலில் ஃபின் மாட்டிக்கொண்டு நீந்தலாம். ஃபின் என்றால் தவளையின் சவ்வுக்கால் மாதிரி ரப்பரில் செய்த துடுப்பு. சொந்தக் காலால் படகுக்குத் திரும்பியவர்களுக்குத்தான் மறுநாள் சிலிண்டர். மற்றவர்கள் கரையில் சங்கு பொறுக்கலாம்.

"நீச்சல் தெரியுமில்ல?"

"கெணத்துல நல்லா நீந்துவேன் மேடம்."

"கெணத்துல ஏதும்மா நீரோட்டம்?" என்று சொல்லிவிட்டுப் போகப் போனவர் திரும்பி வந்தார். "இன்னொண்ணு. கண்ணாடி, மூச்சுக் குழாயெல்லாம் அங்கயே குடுப்பாங்க. ஃபின் மட்டும் நீயே கொண்டு போவணும். அவங்ககிட்ட இருக்கறது பூரா ஆம்பளைங்க சைஸாம்."

ஆக, நட்சத்திர மீனின் நிறம் எனக்குத் தெரிய வேண்டுமென்றால் என் காலுக்குப் பொருந்தும் ஒரு ஜோடி ஃபின் வேண்டும். தர்மபுரியில் டிராக்டருக்கு டயர் கிடைக்கும், போர்வெல்லுக்குக் குழாய் கிடைக்கும், ஃபின்னுக்கு எங்கே போவது?

நல்ல வேளையாக, என் வகுப்புத் தோழியின் அப்பாவுக்கு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செருப்புக்கடை இருந்தது. சரக்கெடுக்க மெட்ராஸ் போவார். துறைமுகத்துப் பக்கம் பர்மா பஜாரில், கப்பலில் வந்து இறங்கும் எதுவும் கிடைக்கும் என்று அவர் சொல்லியிருந்தார். "கால் அளவு குடு, பாக்கறேன்" என்றார். தோழியும் நானும் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து, காகிதத்தின் மேல் என் காலை வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தோம்.

இங்கேதான் எங்கள் குடும்ப வழக்கத்தைச் சொல்ல வேண்டும். காலில் போடும் எதையும் எங்கள் வீட்டில் அளவாக வாங்கியதே கிடையாது. கடையில் ஷூவை மாட்டி நின்றதும், குதிகாலுக்குப் பின்னால் அப்பா ஆள்காட்டி விரலை விட்டுப் பார்ப்பார். விரல் நுழைந்தால்தான் அது ஷூ. முதல் வருடம் முனையில் துணி அடைத்துக்கொண்டு நடக்க வேண்டும். இரண்டாம் வருடம் துணியை எடுக்க வேண்டும். மூன்றாம் வருடம் காலுக்குச் சரியாகச் சேரும்போது தையல் விட்டிருக்கும். எனக்குத் தெரிந்து எங்கள் பக்கம் எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான் வளர்ந்தார்கள். அதனால் என் கை தானாகவே, வரைந்த கோட்டுக்கு வெளியே ஒரு விரல் தள்ளி இன்னொரு கோடு போட்டது.

"ஏண்டி, இருபது வயசாவுது. இன்னும் எங்க வளரப் போவுது உன் காலு?" என்றாள் தோழி.

"தண்ணில ஊறினா கொஞ்சம் பெருசாவும்ல."

"ஊறறதுக்கு அது என்ன கொண்டக்கடலையா?"

அவள் அப்பா அந்தக் காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். "பெருசா இருந்தா தப்பில்ல, வுடு. இத்தன வருஷமா கடை நடத்தறேன். சின்னதா இருக்குதுன்னு திருப்பிக் கொண்டாந்தவங்க உண்டு. பெருசா இருக்குதுன்னு ஒருத்தரும் வந்ததில்ல" என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அவர் திரும்பி வந்தபோது கையில் இரண்டு ஜோடி இருந்தன. ஒன்று கன்னங்கரேலென்று, என் முழங்கால் வரைக்கும் நீளம். வளைத்தால் வளையாத விறைப்பு. கால் வைக்கும் இடம் ஷூ மாதிரி மூடியிருந்தது. இன்னொன்று நீலம், வெயில் பட்டு வெளுத்த நீலம். யாரோ போட்டுக் கழித்தது. கறுப்பில் பாதி நீளம்தான் இருக்கும், கையால் அமுக்கினாலே மடங்கியது. குதிகால் பக்கம் திறந்திருந்தது. பின்னால் ஒரு ரப்பர் வார், பக்கத்தில் பக்கிள்.

"கடைக்காரரு தெரிஞ்சவரு. ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க, ஆவாதத அடுத்த தடவ குடுத்துடுங்கன்னாரு. நான் வர்ற வெள்ளிக்கெழம மறுபடி போறேன். ஒண்ண வெச்சுக்க, ஒண்ணக் குடுத்துடு" என்றார்.

வெள்ளிக்கிழமை வரைக்கும் எதற்கு? நூலகத்துப் பத்திரிகை ஒன்றில் பார்த்த முக்குளிப்பவரின் படம் என் கண்ணிலேயே இருந்தது. அவர் காலில் இருந்தவை நீளமானவை, கறுப்பு. நீளம் என்றால் வேகம், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நீலத்தை ஏதோ பொம்மைச் சாமான் மாதிரி ஒதுக்கிவிட்டுக் கறுப்பைக் காலில் மாட்டினேன். பின்னால் விரலை விட்டேன். தாராளமாக நுழைந்தது. சந்தோஷமாக வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

மறுநாள் காலை எங்கள் கிணற்றில் சோதனை. நான் இடுப்பில் காய்ந்த சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு நீச்சல் பழகிய கிணறுதான் அது. அண்ணனின் பழைய கால்சட்டையும் முழுக்கைச் சட்டையும் போட்டிருந்தேன். "கடல்ல முழுவறதுக்கா காலேஜுக்கு அனுப்பினோம்" என்று ஆரம்பித்த அம்மா, கால்சட்டையைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தி உள்ளே போய்விட்டாள். அப்பா மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து கிணற்று மேட்டில் குந்தினார். ஃபின்னைப் போட்டுக்கொண்டு படியில் நேராக இறங்க முடியாது என்று இரண்டாவது படியில் தெரிந்தது. திரும்பி நின்று, ஏணியில் இறங்குவதுபோலப் பின்பக்கமாக இறங்கினேன்.

"எதுக்கு பாப்பா பின்னாடியே எறங்கற? கடல் அந்தப் பக்கமா இருக்குதா?" என்றார் அப்பா.

நான் தண்ணீரில் விழுந்தேன். காலை அடித்தேன். இருந்த இடத்திலேயே இருந்தேன். இன்னும் வேகமாக அடித்தேன். கிணற்றுச் சுவரெல்லாம் தண்ணீர் தெறித்தது, புறாக்கள் பறந்தன, நான் மட்டும் நகரவில்லை. எங்கள் பக்கத்துக் கிணறுகளில் பழகியவர்களின் நீச்சல் எல்லாம் மிதிநீச்சல். இடம் குறைவு என்பதால் முட்டியை மடக்கி, சைக்கிள் மிதிப்பதுபோல மிதித்து மிதித்தே மிதப்போம். அந்த மிதியை இவ்வளவு பெரிய துடுப்பை வைத்துக்கொண்டு மிதித்தால், ஒரு மிதி முன்னால் தள்ளியதை அடுத்த மிதி பின்னால் இழுத்துவிடுகிறது. இது புரிந்து முட்டியை நீட்டுவதற்குள் இடது கால் லேசானது. ஃபின் கழன்று, ஒரு பெரிய வாழைப்பூ மடல் மாதிரி ஆடி ஆடிக் கீழே போய்க்கொண்டிருந்தது.

முக்குளித்து எடுத்து வந்தேன். மோட்டார் குழாயின் அடியில் சேற்றில் குத்திக்கொண்டு நின்றது.

"வாத்துக்கு ஆண்டவன் அளவெடுத்து மாட்டி வுட்டிருக்கான்" என்றார் அப்பா. "உனக்குத்தான் ஒரு வெரலு எச்சாப் போச்சு."

"வெரல வுட்டுப் பாத்து வாங்கச் சொல்லிக் குடுத்தது யாருங்கப்பா?"

"அது பள்ளிக்கூடத்துக்கு."

ஆனால் அப்பா விடுகிற ஆள் இல்லை. எங்கள் வீட்டில் பொருந்தாத பொருள் என்று ஒன்று கிடையாது, பொருத்தாத பொருள்தான் உண்டு. மாட்டுவண்டி அச்சிலிருந்து மிக்ஸி மூடி வரைக்கும் அவர் கையில் இருக்கும் ஒரே மருந்து சைக்கிள் டியூப். பழைய டியூபை நீள நீளமாக அறுத்து, என் பாதத்தின் குறுக்கே ஒன்று, குதிகாலைச் சுற்றி ஒன்று என்று போட்டு இறுக்கினார். முனையில் துணியும் அடைத்தோம். தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் குப்புறப் படுத்து, முட்டியை மடக்காமல் இடுப்பிலிருந்து காலை ஆட்டப் பழகினேன். செவ்வாய்க்கிழமைக்குள் கதையே மாறிவிட்டது. கிணற்றின் இந்தச் சுவரை உதைத்தால் இரண்டே வீச்சில் அந்தச் சுவரில் கை இடித்தது. நிமிர்ந்து பார்த்தால் அப்பா கைதட்டாத குறை.

கல்லூரியில் இதைத் தோழியிடம் சொன்னேன். அவள் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே கேட்டாள்: "ரெண்டு வீச்சுல செவுரு வந்துடுச்சு. சரி. மூணாவது வீச்சுக்கு என்ன ஆவும்?"

"செவுரு இல்லன்னா இன்னும் தூரம் போவேன்."

"எங்க கடையில பாத்திருக்கியா? நெறைய பேரு உக்காந்துகிட்டே போட்டுப் பாத்து, நல்லாருக்குன்னு வாங்கிடுவாங்க. நடந்து பாருங்கன்னு எங்கப்பா கத்துவாரு. நீயும் உக்காந்துகிட்டுதான் வாங்கிக்கிட்டிருக்க. பீப்பாய மெதக்க வுட்டிருக்கறது ஓடற தண்ணில."

அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. மறுநாள் புதன்கிழமை, ஏதோ உள்ளூர்ப் பண்டிகைக்காகக் கல்லூரி விடுமுறை. அப்பாவையும் தோழியையும் கிளப்பினேன். மூவரும் பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் பஸ் ஏறினோம். பாறை வழுக்கும் என்று நான் பத்தாம் வகுப்பில் வாங்கிய வெள்ளைக் கேன்வாஸ் ஷூவைப் போட்டுக்கொண்டேன். தோழியின் மடியில் ஒரு துணிப்பை இருந்தது. என்ன என்று கேட்டதற்கு, "துண்டு" என்றாள்.

அருவிக்கு வெகு மேலே, ஆறு அகலமாக, அதிகம் ஆர்ப்பாட்டம் இல்லாமல் ஓடும் இடத்துக்குப் போனோம். கோடைத் தண்ணீர்தான், இருந்தாலும் காவிரி காவிரிதான். அங்கிருந்த பரிசல்காரர் கறுப்பு ஃபின்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார்.

"பேடாம்மா, பேடா" என்றார் கன்னடத்தில். பிறகு தமிழில், "வேணாங்க. பொம்பளப் புள்ள. ஆத்துல மொதல வேற இருக்குது."

"இதப் பாத்தா மொதல என்னாங்க பண்ணும்?" என்றார் அப்பா, ஃபின்னைத் தூக்கிக் காட்டி.

பரிசல்காரர் கொஞ்சம் யோசித்தார். "பெரிய மொதலன்னு நெனச்சு ஓடிடும்" என்றார். அதோடு சம்மதம். ஆனால் நிபந்தனை போட்டார். பரிசலைப் பாறையோடு கட்டிவிடுவார், என் இடுப்பில் கயிறு கட்டி அதன் முனையை அப்பா பிடித்துக்கொள்ள வேண்டும். நடு ஓட்டத்தில் தலை காட்டிக்கொண்டு இன்னொரு பாறை இருந்தது. அதற்கு நேராக, ஓட்டத்தை எதிர்த்து, பின்னுக்குப் போகாமல் நீந்தி நிற்பதுதான் சோதனை என்று நான் வகுத்துக்கொண்டேன்.

டியூபை இறுக்கிக் கறுப்பு ஃபின்னோடு இறங்கினேன். நாலு வீச்சில் பாறையைத் தாண்டி மேலே போய்விட்டேன். அப்பா கயிற்றை விட்டுக்கொடுத்துக்கொண்டே "போ பாப்பா, போ" என்றது கேட்டது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தண்ணீருக்குள்ளேயே சிரித்துக் கொஞ்சம் குடித்தும்விட்டேன். பிறகு தொடை சூடாக ஆரம்பித்தது. ஒவ்வொரு வீச்சுக்கும் அந்த விறைத்த பலகை, ஆற்றையே புரட்டச் சொல்வதுபோல இருந்தது. பாறை என் தோளுக்கு நேராக வந்தது, பிறகு தலைக்கு முன்னால் போனது. வலது கெண்டைக்கால் கயிற்று முடிச்சு விழுந்ததுபோல் பிடித்துக்கொண்டது. கத்தினேனா என்று நினைவில்லை. அப்பாவும் பரிசல்காரரும் சேர்ந்து, தூண்டில் மீனை இழுப்பதுபோல் என்னை இழுத்துப் பரிசலில் போட்டார்கள்.

அப்பா கெண்டைக்காலை நீவிவிட்டார். சோதனைக்குப் போக இன்னும் சில வாரங்கள்தான் இருந்தன. கடல் நீரோட்டம் இந்த ஆற்றைவிட மெதுவாக இருக்கும் என்று யார் சொன்னார்கள்? போகவே வேண்டாமோ என்று முதல் தடவையாகத் தோன்றியது. அதைச் சொல்லவும் வாயைத் திறந்தேன்.

தோழி அதைக் கேட்கிற மனநிலையில் இல்லை. ஃபின்னைக் கழற்றி என் பாதத்தைத் தன் மடியில் தூக்கி வைத்து, கடைக்கு வந்த பாதம் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரல்களின் மேல்பக்கம் சிவந்திருந்தது, டியூப் அறுத்துக் குதிகாலில் தோல் உரிந்திருந்தது.

"வெரல மடக்கிப் பிடிச்சுக்கிட்டே நீந்தியிருக்க. கழண்டுடுமோன்னு. உன் பலத்துல பாதி ஃபின்னப் பிடிக்கறதுக்கே போயிடுச்சு, மீதிய அதோட வெறப்பு வாங்கிக்கிச்சு" என்றாள். துணிப்பையைத் திறந்தாள். துண்டு இருந்தது. துண்டுக்குள் நீல ஃபின் இருந்தது.

"அது சின்னப் புள்ளைங்க சாமான்டி."

"போடு."

வாரை இறுக்கிப் போட்டுக் காலை உதறிப் பார்த்தேன். கடகடவென்று ஆடியது. வெறுங்காலுக்கு அதுவும் பெரிது. எனக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது. தோழி பரிசலில் கிடந்த என் கேன்வாஸ் ஷூவைப் பார்த்தாள். அதை எடுத்து என்னிடம் நீட்டி, "இத மாட்டு. அதுக்கு மேல ஃபின்னப் போடு" என்றாள்.

ஐந்து வருடத்துக்கு முன் அப்பா விரல் விட்டுப் பார்த்து வாங்கியது. பள்ளியில் படித்தவரை துணி அடைத்தே போட்டேன். கல்லூரிக்கு வந்த பிறகுதான் காலுக்குச் சேர்ந்தது. இப்போது கையுறை மாதிரி கவ்வியது. அதன் மேல் நீல ஃபின்னை நுழைத்தோம். ரப்பர் கிறீச்சிட்டுக்கொண்டு ஏறி நின்றது. வாரை இரண்டு துளை இழுத்தோம். காலை உதறினேன். ஆடவில்லை. இன்னும் பலமாக உதறினேன், பரிசல்தான் ஆடியது.

"பெருசா வாங்கினா என்னைக்காவது ஒதவும்னு சொல்வேன் இல்ல" என்றார் அப்பா, யாரும் கேட்காமலேயே.

மறுபடி இறங்கினேன். முன்னைப்போல் பாய்ச்சல் இல்லை. சப்பென்று இருந்தது. இதற்கா இந்தப் பாடு என்றுகூட நினைத்தேன். ஆனால் சின்னச் சின்ன வீச்சாக, இடுப்பிலிருந்து கால் தானாக ஆடியது. எதையும் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. பாறை என் தோளுக்கு நேராக இருந்தது. பரிசல்காரர் பீடி பற்றவைத்தார். பாறை தோளுக்கு நேராகவே இருந்தது. அவர் பீடியை முடித்துத் தண்ணீரில் போட்டார், தோழி கையிலிருந்த வேர்க்கடலைப் பொட்டலம் காலியானது, பாறையும் நானும் அங்கேயே இருந்தோம். நான் கொஞ்சம் முன்னேயும் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன், வேண்டுமென்றே.

"போதும் வா" என்று அப்பா கயிற்றை ஆட்டினார். "கரையில சொல்லி வெச்ச வறுத்த மீனு ஆறிப் போவுது."

வெள்ளிக்கிழமை கறுப்பு ஃபின்னை, டியூப் தடம் போகக் கழுவித் துடைத்து, செருப்புக்கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தோழியின் அப்பா அதைக் கையில் வாங்கி எடை பார்ப்பதுபோல் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மொதத் தடவையா பெருசா இருக்குதுன்னு ஒரு சரக்கு திரும்பி வருது" என்றார். அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

கடல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக இருந்தது. உப்பு கண்ணைக் கரித்தது. சோதனைக்கு வந்தவர்களில் நான் ஒருத்திதான் பெண். மற்றவர்கள் காலில் நிலையத்தின் நீளக் கறுப்பு ஃபின்கள். சோதனை நடத்திய பயிற்சியாளர் என் கேன்வாஸ் ஷூவைப் பார்த்து, "என்னம்மா, டிரில் பீரியடா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு ஃபின்னை மேலே ஏற்றினேன்.

பீப்பாய் வரைக்கும் நீரோட்டமே கொண்டுபோய் விட்டது. அதைச் சுற்றித் திரும்பியதும்தான் விஷயம் தெரிந்தது. படகு பக்கத்தில் வரவே மாட்டேன் என்றது. இரண்டு பையன்கள் தண்ணீரை அடித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார்கள். துரத்தலாமா என்று கால் பரபரத்தது. துரத்தவில்லை. படகின் விலாவில் ஒரு சிவப்புக் கோடு இருந்தது. அதை ஒகேனக்கல் பாறையாக நினைத்துக்கொண்டேன். சின்ன வீச்சு, இடுப்பிலிருந்து. கோடு கொஞ்சம் தடித்தது. இன்னும் கொஞ்சம் தடித்தது. என்னைத் தாண்டிய இருவரில் ஒருவன் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு மிதந்தான், படகிலிருந்து கயிறு வீசினார்கள். நான் முதலாவதாக வரவில்லை. ஆனால் என் கை சிவப்புக் கோட்டைத் தொட்டது, அதைத் தொடும்போது எனக்குப் பேசுவதற்கு மூச்சும் இருந்தது.

பயிற்சியாளர் என்னைப் படகில் ஏற்றி உட்காரவைத்தார். குனிந்து, என் குதிகாலுக்கும் ஃபின் வாருக்கும் நடுவில் ஆள்காட்டி விரலை விட்டுப் பார்த்தார். எனக்குத் திக்கென்றது. நுழையவில்லை. "ம்" என்றார், திருப்தியாக.

"நாளைக்குக் காலைல ரெண்டு இட்லிக்கு மேல சாப்பிடாதீங்க. சிலிண்டர் மாட்டி எறங்கணும்."

மறுநாள் அவர் பக்கத்தில் இறங்கினேன். என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்டது. கீழே மணல், மணல் மேல் வெளிச்சம் வலை மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. அதன் நடுவில் அது இருந்தது, ஐந்து கையையும் விரித்துக்கொண்டு. நான் சின்னதாக ஒரு வீச்சு வீசி, மணல் கலங்காமல் அதன் மேலே போய் நின்றேன். மேடத்துக்கு என்ன எழுதுவது என்று தண்ணீருக்குள்ளேயே யோசிக்கத் தொடங்கிவிட்டேன்: உடம்பு சாம்பல் நிறம் மேடம், அதன் மேலே முடிச்சு முடிச்சாகச் சிவப்பு, நம் ஊர்ச் சந்தையில் குவித்து வைத்திருக்கும் காய்ந்த மிளகாயின் சிவப்பு.